நீல டேப் சுற்றிய கத்தரிக்கோல்

எங்கள் வீட்டு முன்வாசலில் துணி காயப்போடும் இரும்புக் கம்பி நடுவில் வளைந்திருக்கும். ஐஸ் ஹாக்கி உடுப்பைத் தொங்கவிட்டு வந்த வளைவு அது. நிமிர்த்தித் தருகிறேன் என்று நான் பலமுறை சொல்லிவிட்டேன். மனைவிதான் வேண்டாம் என்கிறாள். திரும்பவும் அதில்தானே தொங்கப்போகிறது, பிறகு எதற்கு நிமிர்த்துவது என்று கேட்கிறாள்.

நான் மலேசியாவின் தென்கோடியில், கெலாங் பாத்தாவில் வேன் ஓட்டுகிறவன். முன்பு தொழிற்சாலை ஆட்களை ஏற்றி இறக்கினேன். சில வருடங்களாகப் பக்கத்தில் இருக்கும் ஒரு கல்லூரிக்கு ஓட்டுகிறேன். அந்தக் கல்லூரியில் பெண்களுக்கான ஐஸ் ஹாக்கிக் குழு இருக்கிறது. இந்த வெயிலில் ஐஸா என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். ஜொகூர் பாருவில் ஒரு பேரங்காடிக்குள், சினிமாவுக்குக் கீழே, இயந்திரம் வைத்து ஐஸ் உறைய வைத்திருக்கிறார்கள். கடைகள் திறப்பதற்கு முன்னால் அங்கே பயிற்சி நடக்கும். விடியற்காலையில் பெண்களை ஏற்றிக்கொண்டு, ஆளுயர மூட்டைகளைப் பின்னால் அடுக்கி, கொண்டுபோய் இறக்கிவிட்டு, முடிந்ததும் திரும்ப அழைத்து வருவது என் வேலை.

அவர்கள் ஆடும்போது நான் கார் பார்க்கில் வேனுக்குள் உட்கார்ந்திருப்பேன். குழுவின் கேப்டன் உலு திராம் பக்கத்துத் தமிழ்ப் பெண், வாய்த் துடுக்கு அதிகம். அவள் தினமும் கேட்பாள்.

“உள்ள வந்து பாருங்களேன் அங்கிள். வேன்ல ஒக்காந்து என்னா செய்றீங்க?”

“குளிரும்மா.”

“நாங்க மட்டும் என்னா ஐஸ்கிரீமா?”

குளிர் என்பது நான் சொல்லிக்கொண்ட காரணம். உண்மையில் எனக்குக் கூச்சம். நாலு பேர் திரும்பிப் பார்க்கிற இடத்தில் நிற்பதென்றால் கை கால் எங்கே வைப்பது என்று தெரியாது. சிறு வயதில் லாயாங் லாயாங் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் என்னை எழுந்து நிற்கச் சொன்னால் பாடம் தெரிந்திருந்தாலும் தெரியாது என்று சொல்லி உட்கார்ந்துவிடுவேன். ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றபோது மற்றவர்கள் வருத்தப்பட்டார்கள். எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. வேன் ஓட்டுவது என் சுபாவத்துக்குப் பொருந்தின வேலை. எல்லாரும் பின்னால் இருப்பார்கள், நான் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும்.

அந்த வருடம் கல்லூரி, குழுவைப் பலப்படுத்த வெளிநாட்டிலிருந்து இரண்டு பெண்களைச் சேர்த்தது. ஒருத்தி பின்லாந்து, ஒருத்தி மங்கோலியா. இருவரும் வந்து இறங்கிய நேரத்தில் விடுதியின் கூரை ஒழுகி, பழுது பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்லாந்துப் பெண்ணைக் குழுவின் பயிற்சியாளர் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். பயிற்சியாளர் கனடாவில் ஆடிப் பழகிய சீனப் பெண்மணி, கண்டிப்பானவர், அதிகம் பேசமாட்டார். இன்னொருத்திக்குப் பக்கத்தில் இடம் கிடைக்குமா என்று என்னிடம் கேட்டார். எங்கள் மகள் கல்யாணமாகி சிரம்பானுக்குப் போனதிலிருந்து அவளுடைய அறை சும்மா இருந்தது. மனைவியைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். மனைவி நான் கேட்டு முடிப்பதற்குள் மெத்தையைத் தூக்கி வெயிலில் போட்டுவிட்டாள்.

அப்படித்தான் மங்கோலியப் பெண் எங்கள் வீட்டுக்கு வந்தாள். விடுதி சரியான பிறகும் அவள் போகவில்லை. யாரும் போகச் சொல்லவும் இல்லை.

நல்ல உயரம், அகலமான தோள். இடுப்புக்குக் கீழே வரும் ஒற்றைப் பின்னல். ஆட்டத்தில் அதை மடித்து உடுப்புக்குள் செருகிக்கொள்வாள். முகம் பார்த்தால் இந்த ஊர்ச் சீனப் பிள்ளை மாதிரிதான் இருக்கும். பாசாரில் காய்கறி விற்கும் சீனக் கிழவர் அவளிடம் சீனத்தில் பேசுவார். பலகாரம் விற்கும் மலாய்க்கார அம்மா மலாயில் பேசுவார். இரண்டுமே அவளுக்குப் புரியாது. என் மனைவியிடம் கற்றுக்கொண்ட ஒரே வார்த்தையை இருவருக்கும் சொல்வாள்.

“தெரியாது.”

காய்கறிக் கிழவர் தராசை வைத்துவிட்டுச் சிரிப்பார். அதன் பிறகு அவளுக்கென்று ஒரு பிடி கொத்தமல்லி தனியாக எடுத்து வைப்பார்.

அவளும் என்னைப் போலத்தான், பேச்சு குறைவு. பயிற்சியாளரோடும் மற்றப் பெண்களோடும் ஆங்கிலத்தில் பேசுவாள். என் ஆங்கிலம் பெட்ரோல் நிலையத்துக்கும் சுங்கச் சாவடிக்கும்தான் போதுமானது. வேனில் அவள் முன் இருக்கையில் உட்காருவாள். இருவரும் பேசாமலே ஜொகூர் பாரு வரை போவோம். சிலரோடு பேசாமல் உட்கார்ந்தால் ஏதோ கடன் வைத்தது போல இருக்கும். அவளோடு அப்படி இருந்ததில்லை.

மனைவிக்கும் அவளுக்கும் முதலில் மோதல் வந்தது டீயில்தான். அவர்கள் ஊரில் பால் டீயில் உப்புப் போட்டுக் குடிப்பார்களாம். ஒருநாள் காலையில் அவளே டீ போட்டு எங்களுக்கும் ஊற்றித் தந்தாள்.

மனைவி ஒரு மிடறு குடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். “என்னங்க இது, கஞ்சி மாதிரி இருக்கு.”

“குடிச்சிரு. பிள்ள பாத்துக்கிட்டு இருக்கா.”

“நீங்க குடிங்க மொதல்ல.”

நான் குடித்தேன். அவ்வளவு மோசமில்லை. பிறகு இரண்டு பாத்திரத்தில் டீ போடுவது என்று தானாகவே ஒரு ஏற்பாடு வந்துவிட்டது. சில நாள் நான் எந்தப் பாத்திரத்திலிருந்து குடித்தேன் என்று மனைவிக்குத் தெரியாது.

பெரிய பிரச்சினை உடுப்புதான். தோள், மார்பு, முட்டி, முழங்கை எல்லாவற்றுக்கும் பஞ்சு வைத்த கவசம். ஆடி முடித்தால் அத்தனையும் வியர்வையில் ஊறிவிடும். அவளுடைய ஊரில் வெளியே தொங்கவிட்டால் சீக்கிரமே காய்ந்து மொறமொறவென்று ஆகிவிடுமாம். ஜொகூரில், அதுவும் மழை மாதத்தில், எதுதான் காயும்? இரண்டே வாரத்தில் நாய்கூட முன்வாசல் பக்கம் வராத நாற்றம். மனைவி யோசித்தாள். தலைக்குக் குளித்த முடிக்குச் சாம்பிராணி போடுவதில்லையா? கரியைப் பற்றவைத்து, சாம்பிராணித் தூளைத் தூவி, கம்பியில் தொங்கிய கவசத்துக்கெல்லாம் கீழேயிருந்து புகை காட்டினாள். நாற்றம் போனது. அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் சாமிக்குக் காட்டிய பிறகு அதே தூபக்காலை உடுப்புக்கும் கொண்டு வந்தாள். கேப்டன் இதைப் பார்த்துவிட்டுத் தன் உடுப்பையும் கொண்டுவந்து போட்டாள். பிறகு கோல்காக்கும் பெண். கம்பி வளைந்தது அப்போதுதான்.

சிங்கப்பூர்க் குழுவோடு ஆடியபோது அவர்களில் ஒருத்தி கேப்டனிடம், உங்கள் ஆட்கள் பக்கத்தில் வந்தாலே கோயிலுக்குள் போன மாதிரி இருக்கிறது என்றாளாம்.

“நான் என்னா சொன்னேன் தெரியுமா அங்கிள்? கோயிலுக்குள்ள வந்தா கும்புட்டுட்டுப் போகணும், தள்ளக்கூடாதுன்னு சொன்னேன்.”

அவள் அப்படிச் சொல்லியிருப்பாள். ஆனால் அந்த ஆட்டத்தில்தான் தள்ளுமுள்ளு நடந்தது. பக் என்று ஒரு கறுப்பு ரப்பர் வட்டு, அதைத்தான் மட்டையால் அடித்து கோலுக்குள் தள்ள வேண்டும். அதை ஓரத்துப் பலகையோடு சேர்த்து அடைத்து வைத்திருந்த எங்கள் மங்கோலியப் பெண்ணின் கால்மேல் எதிராளி ஒருத்தி வந்து விழுந்தாள். இதெல்லாம் பிறகு கேள்விப்பட்டது. நான் கார் பார்க்கில் இருந்தேன். இருவர் தோளில் கையைப் போட்டு, ஒற்றைக் காலில் அவள் வேனை நோக்கி வந்ததைத்தான் பார்த்தேன். முகத்தில் வலி தெரியவில்லை. முன் இருக்கையில் ஏறி, பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, “சாரி, அங்கிள்” என்றாள். எதற்கு சாரி என்று எனக்குப் புரியவில்லை.

முட்டியில் தசைநார் இழுபட்டிருக்கிறது, அறுந்துபோகவில்லை என்றார் மருத்துவர். பட்டை போட்டு ஓய்வு, பிறகு பயிற்சி. எப்போது ஆடலாம் என்று கேட்டதற்கு, முட்டிதான் சொல்லும் என்றார்.

அடுத்த நாள் கேப்டன் வேனில் முன்னால் வந்து உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னாள். வெளிநாட்டுப் பெண்களை எடுத்தது ஒரு சீசனுக்குத்தான். சீசன் முடிந்ததும் ஆட்டத்தைப் பார்த்து, அடுத்த வருடம் வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று கல்லூரி முடிவு செய்யும். பின்லாந்துக்காரி கோல் மேல் கோல் போடுகிறாள், அவளுக்குப் பயமில்லை.

“இவ ரெண்டாவது கேம்லயே விழுந்துட்டா. ஆடாத ஆள எப்படி அங்கிள் வச்சிருப்பாங்க? கடைசி கேமாவது ஆடணும். இல்லன்னா டிக்கெட் போட்டு அனுப்பிருவாங்க.”

“கோச் சொன்னாங்களா?”

“கோச் எங்க சொல்லுவாங்க. மொகத்தப் பாத்தா தெரியாதா?”

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கையைக் கழுவிவிட்டுச் சாமி அறைக்குப் போனாள். வெகு நேரம் கழித்து வந்து, மறுபடி வெங்காயத்தை எடுத்தாள்.

“வேண்டிக்கிட்டேன்,” என்றாள்.

“நல்லது.”

“மொட்ட போடுறதா வேண்டிக்கிட்டேன்.”

“யாருக்கு, ஒனக்கா?”

அவள் வெங்காயத்தைப் பார்த்தபடியே சொன்னாள். “இல்லங்க. பிள்ளைக்கு.”

அவள் உரித்து வைத்த வெங்காயத்தைப் பார்த்தேன். அவளையும் பார்த்தேன்.

“நம்ம பிள்ளைக்கு வேண்டிக்கிட்ட மாதிரியே வாயில வந்திருச்சு. முருகா, இவள திரும்ப ஐஸ்ல ஓட வையி, இவ முடிய ஒனக்குக் குடுக்குறேன்னு சொல்லிட்டேன். சொன்ன பெறகுதான் எனக்கே தெரியுது.”

“அது அவ முடி. அவளுக்கு அங்க ஒரு தாய் இருக்கு.”

“இப்ப தெரியுதுங்க. அப்பவே தெரிஞ்சா சொல்லியிருப்பனா?”

எங்கள் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது காய்ச்சல் விடாமல் அடித்தது. அப்போதும் இவள் இப்படித்தான் வேண்டிக்கொண்டாள். பெற்ற பிள்ளையின் முடியைச் சாமிக்குத் தருகிறேன் என்று சொல்லத் தாய்க்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. அந்தப் பழக்கத்தில் மனசு எது நம் பிள்ளை, எது அடுத்தவர் பிள்ளை என்று நின்று பார்க்கவில்லை. அவளைத் திட்டுவதற்கு எனக்கு மனம் வரவில்லை. வேண்டுதலை வேறு மாதிரி மாற்றிக்கொள்ளலாமே என்று கேட்டேன். சொன்ன வார்த்தையை மாற்றினால் முட்டிக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயந்தாள். எனக்கும் அந்தப் பயம் இல்லாமல் இல்லை.

இந்த விஷயம் எங்கள் இருவருக்குள் இருக்கட்டும் என்று முடிவு செய்தோம். முதலில் முட்டி சரியாகட்டும்.

பட்டையோடு நடக்கலாம் என்று சொன்ன பிறகு, அவள் காலையில் எங்கள் தாமானின் வீட்டு வரிசைகளைச் சுற்றி நடக்க ஆரம்பித்தாள். மனைவி கூடப் போவாள். இடையில் முட்டி மடங்கிவிட்டால் மனைவியால் தூக்க முடியுமா? அதனால் நான் வேனை எடுத்துக்கொண்டு, நடக்கிற வேகத்திலேயே பின்னால் போனேன். சேர்ந்து நடக்கலாம்தான். அக்கம்பக்கத்தார் பார்ப்பார்களே என்று கூச்சம். வேனில் போனால் பார்க்கமாட்டார்கள் என்று நினைத்தேன். அதுதான் தப்புக் கணக்கு. முதல் நாளே மூலை வீட்டு மலாய்க்காரர் வெளியே வந்து, வேன் பழுதா, தள்ளிவிடவா என்று கேட்டார். இல்லை என்று கையை ஆட்டினேன். அடுத்த நாளும் கேட்டார். மூன்றாம் நாள் அவருடைய மனைவி என் மனைவியிடம் விசாரித்து விஷயம் தெரிந்துகொண்டார். அதற்குப் பிறகு நாங்கள் அந்த மூலைக்கு வரும்போது அவர் வெளியே வந்து, “இன்னிக்கு எப்படி?” என்று மலாயில் கேட்டு, தன் முட்டியைத் தட்டிக் காட்டுவார். அவளும் தன் முட்டியைத் தட்டிக் காட்டுவாள். பிறகு உள்ளே போய்விடுவார்.

மழை வந்தால் அவள் முன்வாசலில் நடப்பாள். கம்பியில் மற்றவர்களுடைய உடுப்பு புகையில் தொங்கும். அவளுடையது மட்டும் மூட்டைக்குள் கிடந்தது. ஒருநாள் மனைவி அதை வெளியே எடுத்து, ஈரமே இல்லாத அந்தக் கவசங்களுக்கும் சாம்பிராணி காட்டினாள். அவள் வாசற்படியில் உட்கார்ந்து பட்டை போட்ட காலை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுதாளா என்று தெரியாது. புகை அதிகமாக இருந்தது.

குழு இடையில் சில ஆட்டங்கள் வென்றது, சில தோற்றது. கோலாலம்பூருக்குப் போனபோது அவளையும் கூட்டிப் போனோம். ஆடவில்லை, தண்ணீர் பாட்டில்களை எடுத்துக் கொடுத்தாள். பிறகு ஒருநாள் ஐஸில் மெதுவாக நிற்கலாம் என்றார்கள். பிறகு திரும்பலாம் என்றார்கள். கடைசி ஆட்டத்துக்கு முந்தின பயிற்சியில் பயிற்சியாளர் அவளை மூன்று பேரோடு மோதவிட்டுப் பார்த்தாராம். வேனுக்கு வந்த கேப்டன் என்னிடம் எதுவும் சொல்லாமல், தன் முட்டியைத் தட்டிக் காட்டினாள்.

கடைசி ஆட்டம் அதே சிங்கப்பூர்க் குழுவோடு, எங்கள் அரங்கத்தில். மனைவி சேலைக்கு மேல் என்னுடைய பழைய ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பினாள். அவளைத் தனியாக உள்ளே அனுப்ப முடியாது. அந்த அரங்கத்துக்குள் ஆட்டம் பார்க்க நான் போனது அதுதான் முதல் தடவை. கண்ணாடிச் சுவரின் மூலையில், யாரும் வராத இடமாகப் பார்த்து நின்றுகொண்டோம். உண்மையிலேயே குளிர்தான். தலையில் யாரோ ஈரத் துணியை வைத்த மாதிரி இருந்தது.

“அந்தக் கறுப்பா ஓடுதே, அதான் பந்தா?”

“அதான்.”

“நம்ம பிள்ள எங்க? எல்லாம் ஒரே மாதிரி இருக்கு.”

“பின்னால நிக்குறா பாரு. நீல டேப்.”

அவள் தன் மட்டையின் நுனியில் எப்போதும் நீல நிற டேப்தான் சுற்றுவாள். அவர்கள் ஊரில் நீலம் வானத்தின் நிறமாம், நல்ல காரியத்துக்கெல்லாம் அதுதானாம்.

பக் எந்தப் பக்கம் போனது, யார் கோல் போட்டார்கள் என்று என்னைக் கேட்டால் சொல்லத் தெரியாது. நான் அந்த முட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவியும் அதைத்தான் பார்த்தாள் என்று பிறகு சொன்னாள். முட்டி மடங்கியது, நிமிர்ந்தது, பின்னோக்கிப் போனது, பலகையில் மோதியது, திரும்ப எழுந்தது. ஒரு தடவை எதிராளி ஓங்கி அடித்த பக்கைத் தடுக்க அப்படியே ஐஸில் நீட்டிப் படுத்துவிட்டாள். மனைவி என் கையைப் பிடித்தாள். பொது இடத்தில் அவள் அப்படிச் செய்கிறவள் இல்லை. பிள்ளை எழுந்து ஓடிய பிறகுதான் என் கையை விட்டாள்.

ஒரு கோல் வித்தியாசத்தில் தோற்றுப்போனோம். பெண்கள் தலைகவிழ்ந்து வெளியே வந்தார்கள். பயிற்சியாளர் எங்களைப் பார்த்ததும் கண்ணாடிச் சுவரைச் சுற்றி வந்தார். தோற்றதைப் பற்றி ஏதாவது ஆறுதல் சொல்ல வேண்டுமோ என்று நான் மலாயில் வார்த்தை தேடினேன். அவரே கேட்டார்.

“அங்கிள், அடுத்த சீசனுக்கும் அந்த ரூம் இருக்குமா?”

எனக்கு உடனே புரியவில்லை. மனைவிக்குப் புரிந்துவிட்டது.

“ரூம் எங்க போவப் போவுது,” என்று தமிழிலேயே சொன்னாள். பிறகு மலாயில், இருக்கும், இருக்கும் என்றாள்.

திரும்பும் வழியில் வேனில் ஒரே சத்தம். தோற்ற குழு என்று யாரும் சொல்லமாட்டார்கள். மனைவி மட்டும் எனக்குப் பின்னால் அமைதியாக இருந்தாள். ஏன் என்று எனக்குத் தெரியும். தைப்பூசம் நெருங்கிக்கொண்டிருந்தது. சாமி தன் பங்கைச் செய்துவிட்டது.

தைப்பூசத்துக்கு முந்தின வாரம்தான் விஷயம் வெளியே வந்தது. மனைவி மனசு கேட்காமல் கேப்டனிடம் யோசனை கேட்டிருக்கிறாள். கேப்டனின் வாயில் எது நிற்கும்? கல்லூரியிலிருந்து திரும்பும்போது வேனில் எல்லார் முன்னாலும் ஆங்கிலத்தில் போட்டு உடைத்துவிட்டாள். பிறகு அவளே பயந்துபோய் என்னைப் பார்த்தாள்.

“அலமாக். சொல்லக்கூடாதா அங்கிள்?”

மங்கோலியப் பெண் முன் இருக்கையில் என் பக்கம் திரும்பி, தன் பின்னலைத் தொட்டு, இதையா என்று கேட்டாள். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவள் கொஞ்ச நேரம் சாலையைப் பார்த்தாள். பிறகு, “ஓகே, அங்கிள். நான் குடுக்கிறேன்,” என்று ஆங்கிலத்தில் சொன்னாள். சர்வசாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் பின்னலை விடவில்லை. பேருந்தில் நின்றுகொண்டு போகிறவர்கள் மேலே தொங்கும் வாரைப் பிடித்துக்கொள்வார்களே, அப்படி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். வீடு வரும்வரை அப்படியே இருந்தாள்.

இறங்கி வீட்டுக்குள் போனதும் மனைவியிடம் சொன்னேன். “நான் போட்டுக்குறேன்.”

“என்னா போட்டுக்குறீங்க?”

“மொட்ட.”

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். எனக்கு இந்த வயதிலும் முடி நன்றாக இருக்கும். என்னிடம் ஆள் பார்க்கும்படி ஏதாவது இருந்தால் அது ஒன்றுதான். அதைக்கூட நான் டை போட்டுத்தான் வைத்திருந்தேன், நரைத்த ஆள் என்று யாரும் பேச்செடுக்கக் கூடாது என்று.

“பாதி மையி. முருகன் டை அடிச்ச முடிய வாங்குவாரா?”

“வேரு நம்மளதுதானே.”

“நாளைக்கு வேன்ல ஏறுறவங்கெல்லாம் பாப்பாங்க. ஒங்களால தாங்க முடியுமா?”

“அத அப்ப பாத்துக்கலாம்.”

அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, வேண்டியது பிள்ளையின் முடியை ஆயிற்றே, மாற்றித் தரலாமா என்று கவலைப்பட்டாள். கோயிலில் கேட்போம் என்றேன்.

அன்று சாயங்காலம் அந்தப் பெண்ணுக்கும் சொன்னோம். மனைவி கையால் வெட்டுவது போலக் காட்டி, என் தலையைத் தொட்டுக் காட்டினாள். அவளுக்குப் புரிந்ததும் எழுந்து அறைக்குப் போய்விட்டாள். வருத்தப்பட்டாளோ என்று நினைத்தோம். போனை எடுத்துக்கொண்டு திரும்பி வந்து ஒரு படத்தைக் காட்டினாள். ஒரு சின்னக் குழந்தை, தலை நிறையப் பறட்டை முடி. சுற்றிலும் சொந்தக்காரர்கள். ஒருவர் கையில் கத்தரிக்கோல், அதன் பிடியில் நீலத் துணி கட்டியிருந்தது. அந்தக் குழந்தை அவள்தான். அவர்கள் நாட்டில் பிறந்த முடியைச் சில வருடம் வெட்டாமல் வைத்திருந்து, பிறகு ஒருநாள் சொந்தங்களையெல்லாம் கூப்பிட்டு, ஆளுக்கு ஒரு கொத்து வெட்டுவார்களாம். வெட்டுகிறவர் வாழ்த்துச் சொல்லிக் குழந்தைக்கு ஒரு பரிசு கொடுப்பாராம்.

“நம்ம காது குத்து மாதிரிதான் இருக்கு,” என்றாள் மனைவி. அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். “இந்தப் பிள்ளைக்குப் போயி மொட்ட வேண்டிக்கிட்டனே.”

தைப்பூசத்தன்று மனைவி பால்குடம் எடுத்தாள். அந்தப் பெண் மகளுடைய பழைய பாவாடை தாவணியைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நடந்தாள். பாவாடை கணுக்காலுக்கு மேலேயே நின்றது. கேப்டனும் வந்திருந்தாள். கோயிலுக்குப் பக்கத்தில் கூடாரம் போட்டு, முடி இறக்குகிறவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் முறை வந்தது. முடி இறக்குகிறவர் தண்ணீரைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டார்.

“யாரு வேண்டுதல்?”

“என்னோடது,” என்றாள் மனைவி. “வேண்டிக்கிட்டது பிள்ளைக்கு. ஆனா இவரு குடுக்குறாரு. குடுக்கலாங்களா?”

“எந்தப் பிள்ள?”

மனைவி அவளை முன்னால் இழுத்து நிறுத்தினாள். அவர் அவளுடைய முகத்தைப் பார்த்தார், பின்னலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது.

“வீட்டுப் பிள்ளையா?”

“ஆமாங்க.”

“அப்ப அப்பா குடுக்கலாம். ஒக்காருங்க அப்பா.”

நான் பலகையில் உட்கார்ந்தேன். வரிசையில் நின்ற அத்தனை பேரும் என்னைப் பார்ப்பது தெரிந்தது. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முடி நனைந்து, கழுத்தில் தண்ணீர் வழிந்தது. கத்தி தலையில் படப்போகிற நேரத்தில் அந்தப் பெண், “வெயிட்” என்றாள்.

தன் பையிலிருந்து ஒரு சின்னக் கத்தரிக்கோலை எடுத்தாள். மட்டைக்கு டேப் சுற்றும்போது வெட்டுவதற்கு அவள் வைத்திருப்பது. அதன் பிடியில் நீல டேப்பை நாடா மாதிரி சுற்றி, நுனியைத் தொங்கவிட்டிருந்தாள். கேப்டன் குனிந்து முடி இறக்குகிறவரிடம் விளக்கினாள்.

“அண்ணே, அவங்க ஊருல மொதல்ல சொந்தக்காரங்கதான் வெட்டணுமாம். ஒரு கொத்துதான்.”

“சீக்கிரம் லா தங்கச்சி, ஆளு நிக்குது.”

அவள் என் நெற்றிக்கு மேலே ஒரு கொத்தைப் பிடித்தாள். அவள் விரல்கள் சில்லென்று இருந்தன. அவளுடைய மொழியில் மெதுவாக ஏதோ சொன்னாள். சொல்லி முடித்த பிறகுதான் வெட்டினாள். வெட்டியதைத் தட்டில் வைத்தாள். பிறகு கத்தரிக்கோலை மனைவியிடம் நீட்டினாள். மனைவி பால்குடத்தை கேப்டன் கையில் கொடுத்துவிட்டு, இவ்வளவு காலம் எனக்கு இப்படி ஒன்று செய்ததே இல்லாததால், எங்கே வெட்டுவது என்று தெரியாமல் தடுமாறினாள். அவளும் ஒரு கொத்து வெட்டினாள். மிச்சத்தை அந்த அண்ணன் கொஞ்ச நேரத்தில் முடித்துவிட்டார்.

தலையில் சந்தனத்தைத் தடவிக்கொண்டு எழுந்தபோது காற்று நேராக மண்டையில் பட்டது. எங்காவது ஓடி ஒளியலாமா என்று இருந்தது. அவள் பைக்குள் மறுபடி கையை விட்டு, பரிசை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினாள். சாம்பல் நிறக் கம்பளித் தொப்பி. அவளுடைய அம்மா பின்னி அனுப்பியது. இங்கே வந்ததிலிருந்து ஐஸுக்குப் போகும்போதெல்லாம் அவள் போட்டுக்கொண்டிருந்தது.

“இந்த வெயில்லயா?” என்றாள் கேப்டன்.

“சந்தனம் காயட்டும்,” என்றாள் மனைவி.

அடுத்த பயிற்சி நாளன்று தொப்பியைப் போட்டுக்கொண்டுதான் வேனை எடுத்தேன். ஏறின ஒவ்வொருத்தியும் பார்த்தாள். சிலர் சிரித்தார்கள். காது வேர்த்துக் கொட்டியது, கழற்றவில்லை. பேரங்காடியில் மூட்டைகளை இறக்கிவிட்டு வழக்கம்போல வேனில் ஏறப் போனேன். மங்கோலியப் பெண் வேன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தன் தலையைத் தொட்டு, பிறகு என் தொப்பியைக் காட்டினாள். கேப்டன் அதைத் தமிழில் சொன்னாள்.

“தொப்பிதான் இருக்குல்ல அங்கிள். இனிமே குளிருன்னு சொல்ல முடியாது.”

நான் வேனைப் பூட்டினேன். அவளுடைய மட்டை என் கையில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு அவர்களுக்குப் பின்னால் உள்ளே போனேன். கண்ணாடிச் சுவரின் அதே மூலையில் நின்றேன். தலைக்குக் குளிரவில்லை.